சமூகப் பணிக்குப் புதுசா வர்றவங்களுக்கு: மக்களோட மனசையும் பண்பாட்டையும் புரிஞ்சுக்கிட்டு வேலையை ஆரம்பிக்கிறது எப்படி

1950கள்ல பெரு நாட்டுல லாஸ் மோலினோஸ்னு ஒரு கிராமத்துல நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன், ஏன்னா நான் இங்க சொல்ல வர்றது முக்கால்வாசி அதுக்குள்ளயே இருக்கு. அங்க ஏறக்குறைய 200 குடும்பம். குடிக்கிற தண்ணியால நோய் வருது, காய்ச்சிக் குடிங்கன்னு சொல்றதுக்கு ஒரு சுகாதாரப் பணியாளரை அனுப்பினாங்க. அந்தம்மா ரெண்டு வருஷம் வீடு வீடா ஏறி இறங்கினாங்க, நடுவுல டாக்டரைக் கூட்டிட்டு வந்தும் பேச வச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுக் கணக்குப் பார்த்தா, புதுசா தண்ணி காய்ச்ச ஆரம்பிச்சது 11 வீடு.

"படிக்காத ஜனங்க, என்ன சொன்னாலும் ஏறாது"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனா உள்ள போய்ப் பார்த்தவங்களுக்குக் காரணம் புரிஞ்சுது. அந்த ஊர்ல ஒவ்வொரு பொருளுக்கும் சூடு, குளிர்ச்சின்னு ஒரு குணம் உண்டுன்னு நம்பினாங்க, அது அடுப்புல ஏத்துற சூடு இல்ல, பொருளோடவே இருக்கிற இயல்பு. பச்சைத் தண்ணி குளிர்ச்சி, உடம்பு முடியாதவங்களுக்கு ஆகாது, அதனால அவங்களுக்கு மட்டும் காய்ச்சிக் கொடுப்பாங்க. அப்போ காய்ச்சின தண்ணின்னாலே அது நோயாளியோட தண்ணி. நல்லா நடமாடுற ஆளு அதை எடுத்துக் குடிச்சா அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? தண்ணி காய்ச்சின வீடுகள்ல ஒண்ணு ஏற்கனவே உடம்பு முடியாத ஒரு அம்மா, இன்னொண்ணு மலைப்பக்கத்துலருந்து வந்து குடியேறி ஊரோட ஒட்டாமலே இருந்த ஒரு அம்மா. அவங்களைப் பார்த்து ஊர் மாறப் போறதில்ல. ஊரே மதிக்கிற ஆளுங்க யாரையும் இந்த வேலைக்குள்ள சேர்க்கவே இல்ல.

பாருங்க, கிருமி பத்தி அந்தம்மா சொன்னது அத்தனையும் சரி. தகவல் சரியா இருந்தும் வேலை நடக்கல. மக்கள் எதை எப்படி நினைக்கிறாங்க, யார் பேச்சைக் கேட்பாங்க, எதுக்கு வெட்கப்படுவாங்க, எதைப் பெருமையா நினைப்பாங்க, இது தெரியாம கொண்டு போற திட்டம் நீங்க இருக்கிற வரைக்கும் ஓடும், நீங்க கிளம்பின மறுநாள் நின்னுடும். அதனாலதான் நிலைச்சு நிக்கிற வளர்ச்சின்னு பேசுற இடத்துல பண்பாட்டுல வேரூன்றின உளவியல்னு ஒண்ணு தேவைப்படுது. பேருதான் பெருசு, விஷயம் சிம்பிள். மனுஷ மனசு எல்லா ஊர்லயும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்காது, அந்தந்த சமூகத்தோட மொழி, உறவு, நம்பிக்கை, வரலாறு எல்லாம் சேர்ந்துதான் அது உருவாகுது, அதனால அங்கிருந்தே புரிஞ்சுக்க ஆரம்பிக்கணும்.

படிப்பு முடிச்சு நேரா ஃபீல்டுக்கு வர்றவங்க ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கணும். நம்ம கையில இருக்கிற உளவியல் பாடம் எங்கிருந்து வந்துச்சு? ஜெஃப்ரி ஆர்னெட்ங்கிற ஆய்வாளர் 2003லருந்து 2007 வரைக்கும் ஆறு முக்கியமான அமெரிக்க உளவியல் இதழ்கள்ல வந்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்தாரு. ஆய்வுல கலந்துக்கிட்டவங்கள்ல 68 சதவீதம் பேர் அமெரிக்காக்காரங்க, மேற்கத்திய தொழில்வள நாடுகள் எல்லாத்தையும் சேர்த்தா 96 சதவீதம். உலக மக்கள்தொகையில அமெரிக்கா 5 சதவீதம்கூட இல்ல. சாதாரண கண்பார்வை விஷயத்துலயே வித்தியாசம் இருக்கு. ஒரே நீளமுள்ள ரெண்டு கோடு, ஒண்ணோட முனையில அம்புக்குறி உள்பக்கம், இன்னொண்ணுல வெளிப்பக்கம், பார்த்தா ஒண்ணு நீளமாத் தெரியும்னு பாடப்புத்தகத்துல இருக்குமே, 1966ல வெளியான ஒரு ஆய்வுல அதைப் பல சமூகங்கள்ல காட்டிப் பார்த்தாங்க. அமெரிக்காக்காரங்க நல்லா ஏமாந்தாங்க, கலகாரி பாலைவனத்து சான் மக்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒரே நீளமாத்தான் தெரிஞ்சுது. ஒரு கோட்டுலயே இவ்வளவுன்னா துக்கம், மானம், நம்பிக்கை, பொறுப்பு இதெல்லாம் எவ்வளவு மாறும்னு யோசிச்சுக்கோங்க.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

முதல் படி: கிளம்புறதுக்கு முன்னாடி உங்க ஊகங்களை எழுதி வைங்க

ஒரு நோட்டுல எழுதுங்க. இந்த மக்களுக்கு என்ன பிரச்சினைன்னு நான் நினைக்கிறேன், ஏன் அப்படி நினைக்கிறேன், யாரு எனக்குச் சொன்னா, என்னை யாரு கூப்பிட்டா, அந்த மக்களா இல்ல பணம் கொடுக்கிறவங்களா. கடைசிக் கேள்விக்கு நேர்மையா பதில் எழுதுங்க, அது பின்னாடி நிறைய இடத்துல உதவும்.

இதுல முக்கியமா பார்க்க வேண்டிய ஊகம் ஒண்ணு இருக்கு, தனிமனுஷன்தான் முடிவெடுக்கிறான்ங்கிறது. நம்ம திட்டங்கள்ல பெரும்பாலும் "பயனாளி"ன்னு ஒரு ஆளை வச்சுத்தான் எல்லாம் எழுதியிருப்போம், பயிற்சி அவருக்கு, கவுன்சிலிங் அவருக்கு, கடன் அவருக்கு. ஆனா பல சமூகங்கள்ல "நான்"ங்கிறதே குடும்பத்தையும் உறவையும் சேர்த்துத்தான். யாழ்ப்பாணத்துல போர்க்காலத்துல பல வருஷம் வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்காரு. போரும் 2004 சுனாமியும் தனித்தனி ஆளுங்களோட மனசை மட்டும் உடைக்கல, குடும்பம், ஊர், ஒருத்தர்மேல ஒருத்தர் வச்சிருந்த நம்பிக்கை எல்லாத்தையும் சேர்த்து உடைச்சுது, அதனால மீட்கிறதும் அந்த அளவுலதான் நடக்கணும்ங்கிறது அவரோட வாதம். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினா மட்டும் போதாது, ஊரே சேர்ந்து அழ ஒரு இடமும், ஊரே சேர்ந்து எழுந்து நிக்க ஒரு வேலையும் வேணும்.

ரெண்டாவது படி: போங்க, ஆனா நோட்டை எடுக்காதீங்க

முதல் சில வாரம் சர்வே ஃபார்மே வேண்டாம். நிறைய பேர் இதை டைம் வேஸ்ட்னு நினைப்பாங்க, மேல இருக்கிறவங்க பிரஷர் கொடுப்பாங்க, தெரியும். ஆனாலும் இதை விட்டுக்கொடுக்காதீங்க.

இதுக்கு நல்ல வழி காட்டினவர் பிலிப்பைன்ஸ் நாட்டு உளவியலாளர் விர்ஜிலியோ என்ரிக்கெஸ். அமெரிக்காவுல முனைவர் பட்டம் வாங்கிட்டு 1970கள்ல ஊர் திரும்பி, படிச்ச உளவியலை அப்படியே தன் மக்கள்மேல ஒட்டாம, அவங்க மொழியிலயே இருக்கிற கருத்துகளை வச்சு ஒரு உளவியலைக் கட்டி எழுப்பினாரு. அதோட மையமே "கப்வா"ங்கிற ஒரு சொல். அதுல நானும் நீயும் தனித்தனி இல்ல, அடுத்தவனும் நான்தான். அங்க மனுஷங்க ஒருத்தரை ரெண்டு விதமா பார்ப்பாங்க, ஒண்ணு வேத்தாள், இன்னொண்ணு வேத்தாள் இல்லாத ஆள். வேத்தாள்கிட்ட மரியாதையா, நாகரிகமா, மேலோட்டமா பதில் சொல்வாங்க. நம்மாளுன்னு மனசு ஏத்துக்கிட்டாதான் உள்ளதைச் சொல்வாங்க. அதனால நீங்க சேகரிக்கிற தகவலோட தரம் உங்க கேள்வியோட தரத்துல இல்ல, உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கிற உறவுல இருக்கு.

அவர் வழியில வந்தவங்க பயன்படுத்தின ஒரு முறை இருக்கு, "பக்ததனோங் தனோங்"னு பேரு, கேட்டுக் கேட்டுப் பேசுறது. பேட்டி மாதிரி இருக்காது. சும்மா பேச்சுவாக்குல போகும், அவங்களும் உங்களைக் கேட்பாங்க, உங்க வீட்ல யாரு, ஏன் இங்க வந்தீங்க, இதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்னு. அதுக்கு நீங்க பதில் சொல்லியே ஆகணும். நாம மட்டும் கேட்டுட்டு நம்மளைப் பத்தி ஒண்ணும் சொல்லாம இருக்கிறது விசாரணை, பழக்கம் இல்ல.

நடைமுறையில இப்படிப் பண்ணுங்க. மக்கள் எங்க தானா கூடுறாங்களோ, அங்க நீங்களும் இருங்க. கையில வேலை இருந்தா கூடமாட பண்ணுங்க. யாரு பேசினா மத்தவங்க அமைதியாகுறாங்க, யாரைப் பார்த்ததும் பேச்சு மாறுது, சண்டை வந்தா யாரைத் தேடிப் போறாங்க, இதை மட்டும் கவனிங்க. ராத்திரி தங்குற இடத்துக்குத் திரும்பி ஞாபகத்துலருந்து எழுதிக்கோங்க. என்ன விஷயமா வந்திருக்கோம்ங்கிறதை மட்டும் முதல் நாளே ஒளிக்காம சொல்லிடுங்க, பழகிட்டு அப்புறமா சொன்னா அது ஏமாத்துறதுதான்.

மூணாவது படி: அவங்க சொல்ற வார்த்தையைப் பொறுக்குங்க

என்னைப் பொறுத்தவரைக்கும் மொத்த வேலையிலயும் முக்கியமான கட்டம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஜிம்பாப்வேல ஷோனா மொழியில "குஃபுங்கிசிசா"ன்னு ஒரு வார்த்தை உண்டு, அளவுக்கு மீறி யோசிக்கிறதுன்னு அர்த்தம். டிப்ரஷன்னு டாக்டர் சொல்றதுல பெரும்பகுதி இந்த வார்த்தைக்குள்ள வந்துடும், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. டிப்ரஷன்னா அது எனக்குள்ள இருக்கிற நோய். அளவுக்கு மீறி யோசிக்கிறேன்னா, யோசிக்க வச்ச ஒரு பிரச்சினை வெளியில இருக்கு, அதைத் தீர்க்கணும். அப்போ சிகிச்சையே மாறிடுது பாருங்க. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006ல ஹராரேல ம்பாரேங்கிற பகுதியில 14 பாட்டிமாரோட ஒரு வேலையை ஆரம்பிச்சாரு. நாட்டுல மனநல மருத்துவர்களை விரல் விட்டு எண்ணிடலாம்ங்கிற நிலைமை. சுகாதார நிலையத்து வெளிய மரத்தடியில ஒரு பெஞ்ச், அதுல ஒரு பாட்டி, வர்றவங்க மனசுல இருக்கிறதைக் கொட்டலாம், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து அதுக்கு ஒரு வழி கண்டுபிடிப்பாங்க. ஆரம்பத்துல அவர் வச்ச பேரு மனநல பெஞ்ச். அந்தப் பேரோட இருக்கிற பெஞ்சுல யாரும் வந்து உட்கார மாட்டாங்கன்னு பாட்டிமார்தான் சொன்னாங்க, நட்பு பெஞ்ச்னு மாத்தினாங்க. அந்தப் படிநிலைகளுக்குப் பேரும் ஷோனாவுலயே இருக்கு, மனசைத் திறக்கிறது, தூக்கி விடுறது, பலப்படுத்துறதுன்னு. 2016ல 24 சுகாதார நிலையத்துல 573 பேரை வச்சு வெளியான ஆய்வுல, வழக்கமான கவனிப்பு கிடைச்சவங்களைவிட பெஞ்சுக்கு வந்தவங்களுக்கு ஆறு மாசத்துல அறிகுறிகள் நல்லா குறைஞ்சிருந்துச்சு. பேரு மாத்தினது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா அந்தப் பழைய பேரோடவே இருந்திருந்தா மத்த எதுவும் நடந்திருக்காது.

உகாண்டாவுல ஒரு குழு இதையே ஒழுங்கா, எவரும் பின்பற்றக்கூடிய முறையா செஞ்சாங்க. எச்ஐவியால ரொம்ப அடிபட்ட பகுதி அது. மனசு சம்பந்தமா என்னென்ன கஷ்டம் இருக்குன்னு மக்கள்கிட்டயே பட்டியல் கேட்டாங்க. தன்னையே வெறுக்கிறது, தன்மேலயே பரிதாபப்பட்டு உட்கார்றதுன்னு ரெண்டு உள்ளூர்ச் சொல் கிடைச்சுது. அந்தச் சொற்களை வச்சே ஆளுங்களைக் கண்டறிஞ்சு, 30 கிராமத்துல சரிபாதியில குழுவா உட்கார்ந்து பேசுற சிகிச்சையைக் கொடுத்தாங்க, நடத்தினது உள்ளூர்லயே பயிற்சி கொடுத்த, மருத்துவம் படிக்காத ஆளுங்க, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழு. 2003ல வந்த முடிவு ரொம்பத் தெளிவா இருந்துச்சு, குழுவுக்கு வந்தவங்க பெரிய அளவுல தேறியிருந்தாங்க.

நீங்க செய்யணும்னா இப்படி. ஒரு 20, 30 பேரை எடுத்துக்கோங்க, ஆண், பெண், வயசானவங்க, இளசுங்க கலந்து. ஒரே ஒரு கேள்வி, "இங்க இருக்கிறவங்களுக்கு என்னென்ன கஷ்டம் இருக்கு?" நீங்க உதாரணம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவங்க சொல்ற வார்த்தையை அப்படியே எழுதுங்க, திருத்தி இலக்கணமா மாத்தாதீங்க, "மனசு பாரமா இருக்கு"ன்னு சொன்னா அதை மன அழுத்தம்னு எழுதுனீங்கன்னா அங்கயே கோட்டை விட்டாச்சு. எத்தனை பேர் எதைச் சொன்னாங்கன்னு எண்ணுங்க. மேல வந்த அஞ்சாறு வார்த்தைக்கு மறுபடி போய், அந்தக் கஷ்டம் இருக்கிற ஆளு எப்படி இருப்பாரு, என்ன செய்ய மாட்டாரு, எதனால வருது, வந்தா யாரைப் பார்ப்பாங்கன்னு கேளுங்க.

இன்னொரு கேள்வியும் கேளுங்க, இது நிறைய பேர் விட்டுடுறது. "இங்க நல்லா வாழுற ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, தினசரி என்னென்ன செய்வாங்க?" வர்ற பதில்ல தன்னைப் பார்த்துக்கிறது, குடும்பத்துக்குச் செய்யறது, ஊருக்குச் செய்யறது மூணும் கலந்து வரும். அந்தப் பட்டியல்தான் பின்னாடி உங்க அளவுகோல். உங்க திட்டத்தால மக்கள் தேறினாங்களா இல்லையான்னு அதை வச்சுத்தான் பார்க்கணும்.

கேள்வித்தாளை ஒரு மொழியிலருந்து இன்னொண்ணுக்கு மாத்துறதா இருந்தா, ஒருத்தர் மாத்தினதை மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் திருப்பி மாத்தட்டும், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அதுவும் போதாது, அந்த ஊர்க்காரங்க அஞ்சாறு பேர்கிட்ட ஒவ்வொரு கேள்வியையும் படிச்சுக் காட்டி "இதுல என்ன கேட்கிறோம்னு உங்களுக்குப் புரியுது?"ன்னு கேளுங்க. பாதிக் கேள்வி அங்கயே விழும்.

நாலாவது படி: ஏற்கனவே ஓடிட்டு இருக்கிறதைத் தொடாதீங்க, முதல்ல அது என்ன செய்யுதுன்னு பாருங்க

வெளியிலருந்து பார்த்தா வெறும் சடங்கு மாதிரி தெரியறது உள்ள ஒரு பெரிய ஏற்பாட்டைத் தாங்கிட்டு இருக்கலாம். பாலித் தீவுல நெல் விவசாயிகளுக்கு சுபாக்னு பாசன அமைப்பு உண்டு, எந்த வயலுக்கு எப்போ தண்ணி, எப்போ நடவு, எப்போ தரிசுங்கிறதை நீர்க் கோயில்கள் வழியா சேர்ந்து முடிவு பண்ணுவாங்க. 1970கள்ல பசுமைப் புரட்சி வந்தப்ப, கோயில் அட்டவணையெல்லாம் விட்டுட்டு முடிஞ்ச அளவுக்கு அடிக்கடி நடுங்கன்னு விவசாயிகளுக்குச் சொன்னாங்க. ஒரே பகுதியில ஒரே நேரம் தரிசு விடுறது நின்னதும் பூச்சி பெருகிடுச்சு, தண்ணிக்கும் குழப்பம். எல்லாரும் ஒண்ணா தரிசு விட்டா பூச்சிக்குச் சாப்பாடு இல்லாம போயிடும், அந்த வேலையைத்தான் கோயில் அட்டவணை சத்தமில்லாம பண்ணிட்டு இருந்துச்சுன்னு மானுடவியலாளர் ஸ்டீஃபன் லான்சிங் ஒரு சூழலியலாளரோட சேர்ந்து கணினியில ஒரு மாதிரி அமைப்பைப் போட்டுக் காட்டினாரு. 2012ல யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துது.

கனடாவுல இன்னொரு உதாரணம், இது கொஞ்சம் கனமானது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல ஏறக்குறைய 200 பூர்வகுடிச் சமூகங்களை சாண்ட்லர், லலோண்ட்னு ரெண்டு உளவியலாளர்கள் ஆராய்ஞ்சாங்க, 1998ல வெளியாச்சு. பூர்வகுடி இளைஞர்கள் தற்கொலை விகிதம் அதிகம்னு எல்லாரும் பொத்தாம்பொதுவா பேசிட்டு இருந்த விஷயம். பிரிச்சுப் பார்த்தா பாதிக்கும் மேலான சமூகங்கள்ல அந்த ஆய்வுக் காலத்துல இளைஞர் தற்கொலை ஒண்ணுகூட இல்ல, கொஞ்சம் சமூகங்கள்ல மட்டும் ரொம்ப அதிகம். என்ன வித்தியாசம்? தன்னாட்சி, நில உரிமைக்கான போராட்டம், பள்ளிக்கூடம், சுகாதாரம், பண்பாட்டுக் கூடம், காவல் தீயணைப்புச் சேவை, இந்த ஆறும் எந்த அளவுக்கு சமூகத்தோட சொந்தக் கையில இருந்துச்சோ, அந்த அளவுக்குத் தற்கொலை குறைவு. ஆறும் இருந்த இடத்துல பூஜ்யம். இந்த ஒரு ஆய்வு போதும், மனநலத்துக்குன்னு ஒரு ப்ராஜெக்ட், நிர்வாகத்துக்குன்னு ஒரு ப்ராஜெக்ட்னு நாம தனித்தனியா ஃபைல் போடுறது எவ்வளவு தப்புன்னு தெரியும்.

அதனால ஊர்ல என்ன இல்லைன்னு பட்டியல் போடுறதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு போடுங்க. யார்கிட்ட என்ன திறமை, எந்தக் கூட்டம் யாரும் காசு கொடுக்காமலே நடக்குது, கஷ்டம் வந்தா ஒருத்தருக்கொருத்தர் எப்படித் தாங்கிக்கிறாங்க. அதுமேல கட்டுங்க.

அஞ்சாவது படி: "எங்க பண்பாடு இப்படித்தான்"னு யாரு சொல்றாங்கன்னு கவனிங்க

மேல சொன்னதையெல்லாம் படிச்சிட்டு பண்பாடுன்னாலே புனிதம்னு நினைச்சுடாதீங்க. எந்த ஊர்லயும் பண்பாடு ஒரே குரல்ல பேசாது. மீட்டிங் போட்டா முன் வரிசையில உட்கார்றவங்க, முதல்ல பேசுறவங்க, பெரும்பாலும் ஏற்கனவே அதிகாரம் இருக்கிறவங்க. அவங்க சொல்றதை ஊர்க் கருத்துன்னு எழுதிட்டு வந்தா, ஏற்கனவே அமுங்கிக் கிடக்கிறவங்களை நீங்களும் சேர்ந்து அமுக்குறீங்க. பெண்கள் தனியா, இளைஞர்கள் தனியா, ஒதுக்கி வைக்கப்பட்டவங்க தனியா, அவங்களுக்குத் தோதான நேரத்துல, பயமில்லாம பேசக்கூடிய இடத்துல உட்கார்ந்து பேசுங்க. மூணு நாலு கூட்டத்துல வந்த பதிலை ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் வர்ற இடத்துலதான் உண்மையான பிரச்சினை இருக்கும்.

எல் சால்வடோர்ல வேலை பார்த்த இக்னாசியோ மார்ட்டின் பாரோங்கிற உளவியலாளர், அவர் ஒரு பாதிரியாரும்கூட, இதைத் தன் உயிரையே கொடுத்துச் சொல்லிட்டுப் போனவர். ஏழைங்க "எல்லாம் விதி"ன்னு உட்கார்ந்திருக்காங்க, அது அவங்க மனப்பாங்குன்னு மத்தவங்க சொன்னப்ப, இல்ல, எதை முயற்சி பண்ணினாலும் அடிதான் விழும்ங்கிற அனுபவத்துலருந்து கத்துக்கிட்டது அது, நிலைமை மாறாம மனப்பாங்கை மட்டும் மாத்த முடியாதுன்னு வாதிட்டாரு. அரசு வெளியிடுற பொய்க்கு எதிரா மக்கள் கருத்துக் கணிப்பு நடத்தி வெளியிட்டாரு. 1989 நவம்பர் 16 அன்னிக்கு பல்கலைக்கழக வளாகத்துலயே ராணுவத்தினர் அவரையும் இன்னும் அஞ்சு பாதிரியார்களையும், அங்க வேலை பார்த்த ஒரு அம்மாவையும் அவங்க மகளையும் சுட்டுக் கொன்னாங்க. விதின்னு சொல்றதைக் கேட்டதும் "இவங்களுக்கு ஊக்கப் பயிற்சி கொடுக்கணும்"னு தோணுச்சுன்னா, ஒரு நிமிஷம் நின்னு, அவங்க எத்தனை தடவை முயற்சி பண்ணி எங்கெங்க தோத்தாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அப்புறம் யாரோட உடம்புக்கோ உயிருக்கோ தீங்கு பண்ற ஒரு வழக்கத்தைப் பண்பாடுங்கிற பேர்ல ஏத்துக்க வேண்டியதில்ல. ஆனா அதை எதிர்க்கிற குரல் அந்த ஊருக்குள்ளயே எப்பவும் இருக்கும். அவங்களைத் தேடுங்க, அவங்க பின்னாடி நில்லுங்க.

ஆறாவது படி: விதிமுறையை அவங்களே போடட்டும், காசையும் வெட்கத்தையும் ஜாக்கிரதையா தொடுங்க

பொதுச் சொத்தைப் பராமரிக்கிற வேலைன்னா, தண்ணி, காடு, மேய்ச்சல் நிலம் எதுவா இருந்தாலும், எலினோர் ஆஸ்ட்ரம் கண்டுபிடிச்சதை மனசுல வச்சுக்கோங்க. பல நாடுகள்ல நூத்துக்கணக்கான வருஷமா தாங்கி நிக்கிற ஏற்பாடுகளை ஆராய்ஞ்சவங்க, 2009ல பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கின முதல் பெண். பயன்படுத்துறவங்களே விதியைப் போடுறதுல பங்கெடுக்கணும், கண்காணிக்கிறவங்க அவங்களுக்கே பதில் சொல்றவங்களா இருக்கணும், தப்புக்குத் தண்டனை முதல்ல லேசா ஆரம்பிச்சு படிப்படியா ஏறணும். முதல் தப்புக்கே பெரிய அபராதம் போட்டா மனுஷன் திருந்த மாட்டான், முறைச்சுக்குவான்.

அபராதம், ஊக்கத்தொகை பத்தி தனியா சொல்லணும். இஸ்ரேல்ல ஹைஃபா நகரத்துல 10 குழந்தைகள் காப்பகத்தை வச்சு ஒரு ஆய்வு, 2000ல வெளியாச்சு. பெத்தவங்க லேட்டா வந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போறாங்கன்னு ஆறு காப்பகத்துல சின்ன அபராதம் போட்டாங்க. லேட்டா வர்றவங்க குறையல, ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. முன்னாடி "டீச்சரைக் காக்க வைக்கிறோமே"ன்னு ஒரு கூச்சம் இருந்துச்சு, காசு வந்ததும் அது ஒரு சேவைக்கான கட்டணமாயிடுச்சு. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமைக்குத் திரும்பல. பல வருஷமா மக்கள் கடமையா நினைச்சு செஞ்சுட்டு வர்ற வேலைக்கு நீங்க போய் கூலி கொடுக்க ஆரம்பிச்சீங்கன்னா, ஃபண்டு நின்ன அன்னிக்கு வேலையும் நிக்கும், பழைய கடமை உணர்வும் இருக்காது. இதைப் பல இடத்துல பார்த்தாச்சு, மனசு வலிக்குது.

வெட்கத்தை வச்சு மாத்துறது இன்னும் ஆபத்து. பொது இடத்துல யாரையாவது சுட்டிக்காட்டி, பேர் எழுதி ஒட்டி, கூனிக்குறுக வச்சு பழக்கத்தை மாத்துற முறைகள் சுகாதாரத் திட்டங்கள்ல நிறைய வந்துச்சு, ரிசல்ட் சீக்கிரம் வரும், ஆனா அடி விழுறது எப்பவும் ஊர்ல கடைசி நிலையில இருக்கிற வீட்டு மேலதான். அதுக்குப் பதிலா அக்கம்பக்கத்துல பெரும்பாலானவங்க என்ன செய்யறாங்கன்னு காட்டுறது நல்லா வேலை செய்யும், அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கலிஃபோர்னியாவுல 290 வீட்டுக்கு அக்கம்பக்கத்துச் சராசரி மின்சாரச் செலவை எழுதிக் கொடுத்தாங்க, அதிகமா செலவழிச்சவங்க குறைச்சாங்க, ஆனா ஏற்கனவே குறைவா இருந்தவங்க "நமக்கு இன்னும் இடம் இருக்கு"ன்னு ஏத்திட்டாங்க. அந்தக் கடுதாசியில ஒரு சிரிச்ச முகம் வரைஞ்சு பாராட்டினதும் அது நின்னுடுச்சு. நல்லது செய்யறவங்களை நல்லதுன்னு சொல்ல மறக்காதீங்க.

ஏழாவது படி: அளந்து பாருங்க, அளந்ததைத் திருப்பிக் கொடுங்க

"திட்டம் பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டா பிடிச்சிருக்குன்னுதான் சொல்வாங்க, வீடு தேடி வந்தவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு. அதனால கருத்தைக் கேட்காம நடந்ததைக் கேளுங்க. போன வாரம் எத்தனை நாள் அந்தக் குழு கூடிச்சு, கடைசியா எப்போ பம்பை ரிப்பேர் பண்ணினீங்க, யாரு காசு போட்டா. மூணாவது படியில எடுத்த பட்டியலை வச்சு, அந்த ஆளு இப்போ குடும்ப வேலை செய்யறாரா, ஊர் விசேஷத்துக்குப் போறாரான்னு பாருங்க.

வந்த முடிவை முதல்ல அந்த மக்கள்கிட்டதான் சொல்லணும், அவங்க மொழியில, வாய்வழியா, படமா. பல பத்தாண்டா ஆராய்ச்சிக்காரங்க வந்து வந்து போய் சலிச்சுப்போன தென்னாப்பிரிக்க சான் மக்கள் 2017ல தங்களுக்குன்னு ஒரு ஆய்வு நெறிமுறையை எழுதி வெளியிட்டாங்க. மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை இதெல்லாம் இருக்கணும், உரிய வழியில அனுமதி கேட்டுத்தான் உள்ள வரணும்னு அதுல இருக்கு. உங்க ஃபீல்டுல அப்படி எழுதின விதி இல்லைன்னாலும், முதல் கூட்டத்துலயே "எங்களுக்கு என்ன விதி வைக்கிறீங்க?"ன்னு நீங்களே கேளுங்க. போட்டோ எடுக்கலாமா, யார் கதையை வெளியில சொல்லலாம், நோட்டு யார்கிட்ட இருக்கும், எல்லாத்தையும் அவங்க சொல்லட்டும்.

கடைசி படி: கிளம்புற தேதியை ஆரம்பத்துலயே சொல்லுங்க

எத்தனை மாசம் இருப்போம்னு முதல் நாளே சொல்லிடுங்க. பாதி காலம் முடிஞ்சதும் கூட்டத்தைக் கூப்பிடுறது, கணக்கு எழுதுறது, அதிகாரிகளைப் போய்ப் பார்க்கிறது இதையெல்லாம் ஒண்ணொண்ணா அவங்க கைக்கு மாத்துங்க, நீங்க பின்னாடி உட்காருங்க. தப்பு நடக்கும், ஓடிப்போய் திருத்தாதீங்க. கடைசி ரெண்டு மாசம் வேணும்னே சில கூட்டத்துக்குப் போகாம இருங்க, நடக்குதா பாருங்க. நடக்கலைன்னா நீங்க இல்லாததால நின்னுச்சா இல்ல அந்தக் கூட்டமே அவங்களுக்குத் தேவையில்லையான்னு அவங்ககிட்டயே கேளுங்க, ரெண்டாவதா இருந்தா அதை நிறுத்திடலாம்.

விடைபெறும்போது அவங்க முறைப்படி விடைபெறுங்க, ஒரு மெயில் அனுப்பிட்டு மறையாதீங்க. ஒரு வருஷம் கழிச்சு, ரிப்போர்ட்டுக்காக இல்லாம, சொந்தச் செலவுல ஒரு தடவை போயிட்டு வாங்க. போனதும் எதையும் விசாரிக்காம, முதல் வாரம் எங்க உட்கார்ந்தீங்களோ அதே இடத்துல போய் உட்காருங்க, அவங்களே பேச ஆரம்பிப்பாங்க.